பதினான்காம் எண்ணின் அம்மா

சனிக்கிழமை நான்கு மணிக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு விஜயராணி மூன்றரைக்கே வந்து சேர்ந்தாள். கல்லூரி விளையாட்டு மண்டபத்தின் மூன்றாவது வரிசையில் ஆன்ட்டி லிம் தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு இடம் விட்டார். ஏழாம் எண் போட்டு ஆடும் அணித் தலைவனின் அம்மா அவர். வாரந்தோறும் அவித்த வேர்க்கடலை கொண்டு வருவார். இன்றைக்கும் ஒரு பொட்டலம் விஜயராணியின் கைக்கு வந்தது. அந்த வரிசையில் உட்காரும் பெண்கள் எல்லாரும் ஆட்டக்காரர்களின் அம்மாக்கள். வாசலில் நிற்கும் காவலாளிகூட அதை அம்மாக்கள் வரிசை என்றுதான் சொல்வார். விஜயராணி மட்டும் யாருக்கும் அம்மா இல்லை. அது அவளைத் தவிர அந்த வரிசையில் யாருக்கும் தெரியாது.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. மலாக்கா டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாகக் குமாஸ்தா. கல்யாணம் ஆகவில்லை, ஏன் ஆகவில்லை என்று கேட்கிறவர்கள்கூடக் கேட்டு ஓய்ந்துபோய்விட்டார்கள். புக்கிட் காத்திலில் ஒரு சிறிய வீட்டில் தனியாக இருந்தாள். அலுவலகத்தில் அவள் குரல் பக்கத்து மேசைக்குக் கேட்காது. போன பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இந்தக் கல்லூரியின் நிர்வாகியிடம் ஒரு குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்தாள். அவர் ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறார், உள்ளே போங்கள் என்றார்கள். போனாள். கையெழுத்து ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. அவள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தபோது அவள் வலைப்பந்து ஆடியவள். அந்த ஆட்டத்தில் பந்து கைக்கு வந்ததும் நின்றுவிட வேண்டும், ஓடினால் தப்பாட்டம். இங்கே பையன்கள் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடினார்கள். நாலு பேர் மறித்தாலும் வளைந்து நெளிந்து புகுந்து போனார்கள். காலணிகள் பலகைத் தரையில் கிறீச்சிட்ட சத்தமும், பந்து வளையத்தைத் தொடாமல் வலையில் மட்டும் விழுந்த சத்தமும் வீட்டுக்குப் போன பிறகும் காதில் இருந்தன. அடுத்த சனிக்கிழமையும் வந்தாள். அதற்கடுத்ததும். எப்போது தப்பாட்டம், எப்போது இல்லை என்பதைக் கைப்பேசியில் படித்துத் தெரிந்துகொண்டாள். அணியின் நீலச் சட்டை ஒன்று வாங்கினாள். நாலாவது வாரம் தன் தொண்டையிலிருந்தே ஒரு கூச்சல் கிளம்பியதைக் கேட்டாள். நடுவரைப் பார்த்து, தமிழில், எழுந்து நின்று. திடுக்கிட்டு உட்கார்ந்தாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே எல்லாரும் அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அணியில் ஒரே ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். பதினான்காம் எண், கணேஸ்வரன். சீனப் பையன்களும் மலாய்ப் பையன்களும் அவனைக் கணா என்று கூப்பிட்டார்கள். ஒல்லியான, நெடுநெடுவென்ற உடம்பு. ஒரு நாள் அவன் பந்தைப் பறித்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடிக் கூடையில் போட்டபோது விஜயராணி துள்ளி எழுந்தாள். அப்போதுதான் முன்வரிசையிலிருந்து ஆன்ட்டி லிம் திரும்பி அவள் முழங்கையைத் தொட்டு, "நொம்போர் அம்பாட் பெலாஸ், அனாக் யூ கா?" என்று கேட்டார். பதினான்காம் எண் உங்கள் மகனா என்ற கேள்வி. அந்த நேரம் பார்த்து நடுவர் விசில் ஊதினார். விஜயராணி சிரித்தாள். அவ்வளவுதான். இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி இருந்தது. அந்த நொடி போய்விட்டது. ஆன்ட்டி லிம் அவள் கையில் கடலையை வைத்து, பின்வரிசையில் நீங்கள் ஏன் தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள், இங்கே வாருங்கள் என்றார்.

பிறகு அது தானாக வளர்ந்தது. அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் அவளைச் சேர்த்தார்கள். பெயர் "மம்மி கணா". அவன் கூடை போட்டால் நாலு பேர் அவள் முதுகில் தட்டினார்கள். பையன் எப்படி இவ்வளவு உயரம் என்று ஒருமுறை யாரோ கேட்டபோது, "பொறக்கும்போதே நீளமாத்தான் பொறந்தான்" என்பதை அவள் மலாயில் சொல்லிவிட்டாள். அதுவரை அவள் பொய் எதுவும் சொல்லவில்லை, இல்லை என்று சொல்லாமல் இருந்தாள் அவ்வளவுதான். இது வாய் திறந்து சொன்ன பொய். அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் போகக் கூடாது என்று முடிவுசெய்தாள். அடுத்த வாரம் மூன்றரைக்குப் போய் நின்றாள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வாசல் பக்கம் ஒரு தமிழ்ப் பெண் நுழைந்தால், கணேஸ்வரன் கையசைக்கிறானா என்று அவள் திரும்பிப் பார்ப்பாள். மூன்று மாதமாக அவனுடைய உண்மையான அம்மா வரவே இல்லை. ஒருவேளை உயிரோடு இல்லையோ என்றுகூட நினைத்திருக்கிறாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைய ஆட்டம் மூவாரிலிருந்து வந்த அணியோடு. மூன்றாவது கால் பகுதியில் நம் ஆட்கள் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பலகையில் பட்டுத் திரும்பிய பந்துக்காகக் கணேஸ்வரன் எகிறினான். எதிரணியின் பெரிய உடம்புக்காரன் ஒருவனும் எகிறினான். இரண்டு பேரும் மேலேயே மோதிக்கொண்டார்கள். அவன் இறங்கினான், இவன் விழுந்தான். பின்தலை தரையில் மோதிய சத்தம் மூன்றாவது வரிசைக்குக் கேட்டது. பந்து மட்டும் யாரும் பிடிக்காமல் தட்டித் தட்டி ஓரமாகப் போனது. கணேஸ்வரன் எழவில்லை.

ஆன்ட்டி லிம் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே அவனைச் சுற்றிக் குனிந்திருந்தவர்களிலிருந்து கோச் நிமிர்ந்து, நேராக மூன்றாவது வரிசையைப் பார்த்து, "அம்மா கணா, வாங்க, சீக்கிரம்" என்று மலாயில் கூப்பிட்டார். மொத்த மண்டபமும் திரும்பி அவளைப் பார்த்தது. இப்போது சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கால்கள் அதற்குள் படியிறங்க ஆரம்பித்துவிட்டன. வழியிலிருந்தவர்கள் விலகி நின்றார்கள். யாரோ தோளைத் தடவிவிட்டார்கள். அந்தத் தடவல் வேறு ஒருத்திக்குச் சேர வேண்டியது என்று நினைத்துக்கொண்டே அவள் இறங்கினாள்.

முதலுதவிக் குழுவின் வேனில் அவளை அவன் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். கோச் தன் காரில் பின்னால் வந்தார். வேன் சாலைக்கு வந்து திரும்பியபோது கணேஸ்வரன் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"ஸ்கோர் என்ன ஆன்ட்டி?"

"ரெண்டு பாயிண்ட் பின்னால. நீ பேசாத."

"மூணாவது ரோ ஆன்ட்டிதானே நீங்க?"

"ஆமாப்பா."

"எங்கம்மாகிட்ட சொல்லாதீங்க. வேலையில இருப்பாங்க, பயந்துடுவாங்க லா."

அவனுக்கு அம்மா இருக்கிறாள். விஜயராணி தலையை மட்டும் ஆட்டினாள். அவனும் தலையை ஆட்டப் பார்த்து, வலியில் முகத்தைச் சுளித்துக் கண்ணை மூடிக்கொண்டான். ஆஸ்பத்திரி வரும்வரை அவன் மார்பு ஏறி இறங்குவதையே அவள் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அவசரப் பிரிவில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். பதிவு மேசையில் இருந்த இளம்பெண் கணினியில் தட்டிக்கொண்டே நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். விஜயராணி வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து கோச், "இபு டியா" என்றார். இவனுடைய அம்மா. அந்தப் பெண் அதைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். இருபத்தேழு வருடமாகப் பத்திரங்கள் தயாரிப்பவள் விஜயராணி. யார் பெயர் எந்தக் கட்டத்தில் வரலாம், எதில் வரக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும்.

"பூக்கான்," என்றாள். இல்லை. பிறகு மலாயில் மெதுவாக, தெளிவாகச் சொன்னாள்: "நான் இவனுடைய அம்மா இல்லை. நான் ஆட்டம் பார்க்க வருபவள். அவ்வளவுதான்."

மூன்று மாதமாக எதை நினைத்துப் பயந்தாளோ அது நடந்துவிட்டது. மேசைப் பெண் ஒரு சொல்லை அழித்துவிட்டு, அப்படியானால் அம்மாவைக் கூப்பிடுங்கள் என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. விஜயராணி மேசையை விட்டு ஓர் அடி தள்ளி நின்றாள்.

கோச் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் கைப்பேசியில் எதையோ தேடி எடுத்து, "உங்கள் பெயர் தேவமலர் இல்லையா?" என்று கேட்டார்.

"இல்லை. விஜயராணி."

"அப்படியென்றால் நீங்கள் யாருடைய அம்மா?"

"யாருடைய அம்மாவும் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, ஆட்டக்காரர்களின் படிவத்திலிருந்த தேவமலரின் எண்ணை அவளுக்கு அனுப்பினார். நீங்களே தமிழில் பேசுவது நல்லது என்றார். மண்டபத்தில் ஆட்டத்தைத் துணைப் பயிற்சியாளர் நடத்திக்கொண்டிருந்தார். மற்றப் பையன்கள் கலங்கிப்போயிருப்பார்கள், அவர் போயாக வேண்டும். போகும் முன் நின்று அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அவள் போட்டிருந்த நீலச் சட்டையில் அவர் கண் நின்றது.

"இருப்பீர்களா?" என்றார்.

"இருப்பேன்."

தேவமலரின் எண் அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு முறை கூப்பிட்டாள். வேலை ஏதாவது தொழிற்சாலையில் இருக்கும், கைப்பேசியைப் பெட்டியில் பூட்டிவைத்திருப்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. கடைசியில் குரல்செய்தி அனுப்பினாள். எதை முதலில் சொல்வது என்று யோசித்து, இரண்டு தடவை அழித்துவிட்டுப் பேசினாள்: "உங்க மகன் கண்ணு முழிச்சுப் பேசுறான். முதல்ல அதச் சொல்லிடறேன். விளையாடும்போது கீழ விழுந்துட்டான், தலையில அடி, ஆஸ்பத்திரியில இருக்கோம். நான் வெளியிலதான் உக்காந்திருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் போக மாட்டேன்."

ஆறரை மணிக்கு ஒரு இளம் மருத்துவர் வந்தார். ஸ்கேனில் இரத்தக்கசிவு எதுவும் இல்லை, எலும்பும் சரியாக இருக்கிறது, மூளை கொஞ்சம் அதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு வாரம் ஆடக் கூடாது, சில மணி நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார். விஜயராணி அவருக்கு நான்கு தரம் நன்றி சொன்னாள். அவர் போன பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்போதுதான் வேர்க்கடலைப் பொட்டலத்தை இத்தனை நேரமும் இடக்கையில் பிடித்திருந்தது தெரிந்தது. பிரித்து ஒவ்வொன்றாகத் தின்றாள். ஒரு கடலை அவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

ஏழு பத்துக்கு தேவமலர் ஓடி வந்தாள். குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அந்த உடுப்போடே வந்திருந்தாள். தலைமூடி அழுத்திய கோடு நெற்றியில் சிவப்பாக இருந்தது. நாற்பத்து நாலு, நாற்பத்தைந்து வயதிருக்கும். மகனைப் போலவே உயரம். "அக்கா, நீங்கதானே மெசேஜ் போட்டது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனாள். இருபது நிமிடம் கழித்து வெளியே வந்து, விஜயராணிக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"குடிக்க மைலோ கேக்குறான்," என்றாள். "மைலோ கேட்டான்னா ஒண்ணும் ஆகல."

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்றாள் விஜயராணி.

"சொல்லுங்க."

"அங்க கேம் பாக்குற இடத்துல எல்லாரும் என்னை அவன் அம்மான்னு நெனச்சுட்டாங்க. மூணு மாசமா. நான் இல்லன்னு சொல்லல. பொய்யும் சொல்லியிருக்கேன்."

தேவமலர் திரும்பிப் பார்த்தாள். "ஏன்?"

விஜயராணி அதற்கு நிறைய பதில் தயாரித்து வைத்திருந்தாள். "நல்லா இருந்துச்சு," என்றாள். "அதான்."

எதிர்ச்சுவரில் கைகழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதைப் படிக்கிறவள் மாதிரி தேவமலர் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள், "உள்ள அவன்கிட்ட கேட்டேன், யாருடா அந்த அக்கான்னு. பசங்க எல்லாம் உன் மம்மி வந்துட்டாங்க, உன் மம்மி வந்துட்டாங்கன்னு சொல்வாங்களாம். இவனும் இல்லன்னு சொல்லலையாம். எதுக்கும்மா எக்ஸ்பிளேன் பண்ணிக்கிட்டுங்கறான்." அவள் சுவரிலிருந்து கண்ணை எடுத்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஓரமா வச்சுட்டீங்க."

"ஆமா," என்றாள் விஜயராணி. மறுக்க ஒன்றுமில்லை.

"சனிக்கிழமையில எனக்கு ஓவர்டைம். அவங்கப்பா லாரி எடுத்துக்கிட்டு ஜொகூர் போயிடுவாரு. ஒரு கேமுக்காவது வாம்மான்னு மொதல்ல கேட்டுக்கிட்டு இருந்தான். அப்புறம் கேக்குறத விட்டுட்டான். நான் வர்றது அவனுக்குப் பிடிக்கலையாக்கும்னு நெனச்சுக்கிட்டேன்." கைக்குட்டையை நான்காக மடித்தாள், பிரித்தாள். விஜயராணி எழுந்து போய்விடலாமா என்று யோசித்தாள். இருப்பேன் என்று வாக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது.

"அக்கா."

"ம்."

"அவன் நல்லா ஆடுவானா?"

விஜயராணி பொய் சொல்லவில்லை. "எடது கை சரியில்ல. எல்லாத்தையும் வலது பக்கமே கொண்டு போறான், எதிராளிக்குத் தெரிஞ்சுபோவுது. சும்மா நிக்க வச்சு போடச் சொன்னா பத்துக்கு ஆறு கோட்ட விடுவான். ஆனா ஓட்டம் இருக்கு பாருங்க, அந்த ஓட்டம் அங்க யாருக்கும் இல்ல." பிறகு நிறுத்த முடியவில்லை. ஈப்போ அணியோடு ஆடிய ஆட்டத்தைச் சொன்னாள். மார்ச்சில் கடைசி ஒன்பது நொடியில் பந்தைப் பறித்ததைச் சொன்னாள். சொல்ல முடியாமல் எழுந்து நின்று, நடைபாதையில் முழங்காலை மடக்கி, அவன் எப்படிக் குனிந்து கையை நீட்டினான் என்று காட்டினாள். தள்ளுவண்டியோடு போன தாதி ஒருத்தி சுற்றிக்கொண்டு போனாள். தேவமலர் முழங்காலில் முழங்கையை ஊன்றி, முன்னுக்குக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போட்டதுக்கப்புறம் மூஞ்சி எப்படி வச்சிருப்பான்?"

"சிரிக்க மாட்டான். திரும்பி ஸ்கோர் போர்டத்தான் பாப்பான். நம்பர் மாறினாத்தான் ஓடுவான்."

தேவமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட் வந்தப்ப மூணு தடவை திருப்பித் திருப்பிப் பாத்தான். டீச்சருக்கு போன் போட்டுக் கேட்டான்." சிரித்துக்கொண்டே நடுவிலிருந்த காலி நாற்காலிக்கு நகர்ந்து வந்தாள். "அப்புறம் சொல்லுங்க. ஈப்போகாரங்க என்ன பண்ணாங்க?"

கணேஸ்வரனை வீட்டுக்கு அனுப்பக் கையெழுத்துப் போட தேவமலர் உள்ளே போனபோது, விஜயராணி கைப்பேசியை எடுத்தாள். அம்மாக்கள் குழுவில் கணா எப்படி இருக்கிறான் என்று இருபத்திரண்டு செய்திகள் காத்திருந்தன. அவள் எழுதினாள்: கணா நலம். அவனுடைய அம்மா தேவமலர் வந்துவிட்டார். நான் அவனுடைய அம்மா இல்லை, முன்பே சொல்லியிருக்க வேண்டும், மன்னிக்கவும். விஜயராணி. அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். அது உடனே அதிரவில்லை. ஐந்து நிமிடம் கழித்து அதிர்ந்தது. ஆன்ட்டி லிம் அனுப்பியிருந்தது: 71-68, தோற்றுவிட்டோம். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மற்றொன்று: அடுத்த ஹோம் கேம் இருபத்தி நாலாம் தேதி. ரெண்டு பேரும் வாங்க. நான் இடம் பிடித்து வைக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். மூன்று மாதத்தில் முதல் முறையாக அடுத்த சனிக்கிழமையை நினைத்து அவளுக்குப் பயம் வரவில்லை.

இருபத்தி நாலாம் தேதி தேவமலர் லீவு போட்டுவிட்டு வந்தாள். கல்யாண வீட்டுக்கு வருகிறவள் போலப் பச்சைச் சேலை கட்டியிருந்தாள். ஆன்ட்டி லிம் அவள் இரண்டு கையையும் பிடித்து மேலும் கீழும் பார்த்து, உயரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறது என்று மலாயில் சொன்னார். விஜயராணியின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினார், கொஞ்சம் பலமாகவே. மருத்துவர் சொன்ன இரண்டு வாரம் இன்னும் முடியாததால் கணேஸ்வரன் சாதாரண உடுப்பில் மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மகன் ஆடாத ஆட்டத்துக்கு வந்திருக்கிறோமே என்று தேவமலருக்கு முதலில் சப்பென்று இருந்தது. யார் எந்தப் பக்கம் போட வேண்டும் என்பதுகூடப் புரியவில்லை. விஜயராணி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். இரண்டாம் பாதியில் ஐந்தாம் எண் பையனை எதிராளி இடித்துத் தள்ளியதற்கு நடுவர் விசில் ஊதாமல் விட்டார். பக்கத்திலிருந்து ஒரு கூச்சல் கிளம்பியது. தேவமலர் எழுந்து நின்றிருந்தாள். பெஞ்சில் கணேஸ்வரன் திரும்பிப் பார்த்துவிட்டுத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டான்.

ஆட்டம் முடிய ஒன்றரை நிமிடம் இருந்தபோது தகரக் கூரையில் மழை கொட்டியது. பக்கத்தில் பேசுவதுகூடக் கேட்காத மழை. நடுவர் கன்னம் உப்ப விசில் ஊதினார். ஒருவர் காதிலும் விழவில்லை. பத்துப் பேரும் ஆடிக்கொண்டே இருந்தார்கள். நடுவர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு அவர்கள் நடுவில் ஓடினார். மூன்றாவது வரிசை மொத்தமும் எழுந்துவிட்டது. தேவமலர் விஜயராணியின் காதில் வாயை வைத்து, "இப்ப என்னக்கா ஆச்சு?" என்று கத்தினாள்.

"தெரியல," என்று இவளும் கத்தினாள். பந்து யார் கையிலிருந்தோ கிளம்பி, விளக்குகளுக்குக் கீழே மெல்லச் சுழன்றுகொண்டு உயரே போனது.